மூன்று முறை திருடப்பட்ட ஓவியம்

டிவியைச் சரிசெய்ய வந்தவர், படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக ஏதோ ஒரு சேனலை வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மியூசியத்தில், ஆரஞ்சுப் பழம் உரிக்கும் பெண்ணின் ஓவியத்துக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். அவன் கையில் ஒரு திருப்புளி. அதைப் பார்த்துத்தான் அவரும் நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் கையிலும் அதேபோல் ஒன்று இருந்தது. ஐந்து நிமிடம் இருவரும் நின்றபடியே பார்த்தோம். பிறகு நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். படம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

ஏற்காட்டில், ஏரிக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்தபோது மகள் நாலாம் வகுப்பு. அந்த வருடம் சேர்ந்த வேலை அது. நான் சொல்லும் இந்தச் சமயத்தில் எனக்கு நாற்பத்து நாலு வயது. மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்றால் ஆளை அனுப்புவது, கரடியூர் வியூ பாயிண்டுக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. கோடை முடிந்து மழை பிடித்துவிட்டால் வார நாட்களில் ஒருவரும் வரமாட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி எதிரில் இருக்கும் சில்வர் ஓக் மரம் மறைந்துபோகும். அந்த நேரங்களில் டிவி மட்டும்தான் எனக்குத் துணை. அதனால்தான் அது கெட்டுப்போன அன்றே போன் செய்து அவரை வரவழைத்தேன்.

அவர் ஏற்காட்டுக்குப் பக்கத்து மலைக்கிராமமான மஞ்சக்குட்டைக்காரர். மலையில் உள்ள பல லாட்ஜ்களுக்கு டிவி, டிஷ், கீசர் எல்லாம் அவர்தான் பார்ப்பார். ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எஸ்டேட்டில் காப்பி பறித்து அவரை வளர்த்த அக்காவுடன் இருந்தார். அதிகம் பேசாதவர் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மழை பெய்தாலும் தேய்த்த சட்டைதான் போட்டிருப்பார்.

அந்தப் படத்தின் கதை இதுதான். மியூசியத்தின் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்க ஒருவன் வருகிறான். உண்மையில் அவன் அந்த ஆரஞ்சுப் பெண்ணைத் திருட வந்தவன். அங்கே பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து சீர்படுத்தும் ஒரு பெண் வேலை செய்கிறாள். நாற்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடிக்காரி. கடிகாரத்தை அவன் ஒரு நிமிடம் பார்க்கிறான், ஓவியத்தைப் பத்து நிமிடம் பார்க்கிறான் என்பதை அவள் மூன்றாம் நாளே கண்டுகொள்கிறாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. காவலாளி எப்போது டீ குடிக்கப் போவான் என்று அவன் கவனிக்கிறான். அவன் எதையெல்லாம் கவனிக்கிறான் என்று அவள் கவனிக்கிறாள். கடைசியில் இருவரும் ஒரு படகில் ஏறிப் போகிறார்கள்.

படம் முடிந்ததும் அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "அந்தம்மா கண்டுபிடிச்ச அன்னைக்கே சொல்லியிருந்தா படமே இல்லீங்க" என்றார்.

சொல்லாமல் இருந்ததுதான் படம் என்று நான் பதில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் கூப்பிடாமலே வந்தார். இந்தப் படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரும்ப எடுத்தது என்று யாரோ சொன்னார்களாம். சேலத்தில் தெரிந்தவரிடம் கேட்டு அந்தப் பழைய படத்தைப் பென்டிரைவில் வாங்கி வந்திருந்தார். தமிழ் கிடையாது. கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை நான் மெதுவாகப் படித்துச் சொல்ல, அவர் அவ்வப்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். அதிலும் அதே மியூசியம், அதே ஆரஞ்சு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான். அவளுக்கு வசனமே கொஞ்சம். கடைசியில் ரயில் நிலையத்தில் பிரிந்துவிடுகிறார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், அவள் பிளாட்பாரத்தில் நிற்கிறாள், வண்டி நகர்கிறது. எங்கள் இருவருக்கும் மனது என்னவோ போல் ஆகிவிட்டது. டீ குடித்தோம்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு நினைவு வந்தது. இதே கதையைச் சிறுமியாக இருந்தபோது சேலத்தில் ஒரு தியேட்டரில் தமிழிலேயே பார்த்திருக்கிறேன். மியூசியத்துக்குப் பதில் ஜமீன் அரண்மனை, ஆரஞ்சுப் பெண்ணுக்குப் பதில் தஞ்சாவூர் ஓவியம். பெயர் ஞாபகமில்லை. மகளுக்குப் போன் செய்து கதையைச் சொன்னேன். அவள் எப்படியோ தேடிக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டாள். யாரோடு இதையெல்லாம் பார்க்கிறாய் என்று கேட்டாள். டிவி ரிப்பேர் செய்கிறவரோடு என்றேன். டிவி அத்தனை தடவையா கெட்டுப்போகிறது என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

தமிழ்ப் படத்தில் ஆறு பாட்டு. காமெடி நடிகர் அண்டாவுக்குள் ஒளிந்துகொண்டு தும்முகிறார். நாயகிக்குப் பத்தொன்பது வயது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் திருடன் திருடனே இல்லை. சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறான். சி.ஐ.டி.யாம். வில்லனைப் பிடிக்கத்தான் திருடன் வேஷம். அந்த இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நம்மவர்களுக்குத் திருடனைப் பிடிக்கும், ஆனால் திருடனுக்குப் பெண் கொடுக்க மனது வராது, அதனால்தான் அவனைப் போலீஸாக்கிவிடுகிறார்கள் என்றேன். அதற்கும் சிரித்தார்.

அதன் பிறகு ஓவியத் திருட்டுப் படம் எங்கே கிடைத்தாலும் கொண்டுவந்தார். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரு பழசும் ஒரு புதுசும் இருந்தன. இந்தப் படங்களில் எனக்கு என்ன பிடித்தது என்று அப்போது யோசித்திருக்கிறேன். யாரும் சாவதில்லை. திருடன் பணத்துக்காக அலைவதில்லை. கண்ணுக்கு அழகான ஒரு பொருள்மேல் அழகான ஒருவன் ஆசைப்படுகிறான். இதெல்லாம் சரிதான். ஆனால் உண்மையான காரணம் எனக்குத் தெரிந்தது வேறொரு நாள்.

அன்று ஒரு தம்பதி வந்து ஏழாம் நம்பர் அறை எடுத்தார்கள். சாவியைக் கொடுத்து அனுப்பினேன். சோபாவில் உட்கார்ந்து ஏதோ ரிமோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்:

"ஏனுங்க, ஏழாம் நம்பர் சாவிய மட்டும் ஒருக்கா தொடச்சுட்டுக் குடுக்கறீங்களே, அது எதுக்குங்க?"

அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தேன். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுதாகத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை அந்த அறைக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டிலில் நான் ஒருமுறை உட்கார்ந்ததுகூட இல்லை. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ரிமோட்டைத் திரும்ப மூடினார். ரிசப்ஷனில் இருப்பவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, சாவியைத்தான் பார்ப்பார்கள். என் கையை ஒருவர் இத்தனை நாளாகக் கவனித்திருக்கிறார். அந்தப் படங்களில் வரும் காதல் இதுதான் என்று அப்போது புரிந்தது. திருட வந்தவன் அளவுக்கு உற்றுப் பார்க்கிறவர்கள் வேறு யாரும் கிடையாது.

அந்த வருடம்தான் முதலாளி லாட்ஜைப் புதுப்பிக்க முடிவு செய்தார். பழைய மேஜை, பழைய திரைச்சீலை எல்லாம் காயலான் கடைக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு ஹாலில் ஒரு பெரிய ஓவியம் மாட்டியிருக்கும். மூட்டத்தில் எங்கள் ஏரி, ஒரு படகு, கரையில் சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண். என் மேஜையிலிருந்து பார்த்தால் வாசல் வழியாக அந்தக் குடை மட்டும் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் அழுகை வரும்போதெல்லாம் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் போகிறது என்று அவரிடம் சொன்னேன்.

"தூக்கிரலாமுங்களா?" என்று கேட்டார்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் விளையாட்டு மூன்று வாரம் நடந்தது. ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் லாட்ஜின் வரைபடம் போட்டோம். சமையல்காரர் நாலு மணிக்குப் பின்வாசலில் பீடி பிடிக்கப் போவார், திரும்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று டிவிக்காரர் வாட்ச் பார்த்துக் குறித்தார். மாட்டியிருக்கும் திருகாணி எத்தனை, எந்த அளவுத் திருப்புளி வேண்டும் என்று கணக்குப் போட்டார். எந்தப் போர்வையில் சுற்றுவது என்று நான் முடிவு செய்தேன். வளைவில் ஜீப் நிற்கும். ஓவியம் எங்கே என்று யாராவது கேட்டால், காயலான் கடைக்காரர் முன்னாடியே எடுத்துப் போய்விட்டார் என்பது என் வசனம். அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மறுபடி சொல்லச் சொல்வார். வியாழக்கிழமை என்று நாள் குறித்தோம்.

செவ்வாய்க்கிழமை முதலாளி வேலையைப் பார்வையிட வந்தார். ஹாலில் அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்று மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். படத்தில் வரும் பெண்ணுக்கு இருக்கும் நெஞ்சுரம் எனக்கு இல்லை. அவர் அருகில் போய், இதை எனக்குத் தருவீர்களா என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

அவர் என்னையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது அசலில்லம்மா, தெரியுமா?" என்றார்.

லாட்ஜ் ஆரம்பித்த காலத்தில் இங்கே தங்கியிருந்த ஒருவர் வரைந்து முதலாளியின் அப்பாவுக்குக் கொடுத்த படமாம் அது. அப்பா அசலைச் சேலத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். லாட்ஜுக்கும் ஒன்று வேண்டும் என்று, போர்டு எழுதும் ஒருவரைக் கூப்பிட்டு அதைப் பார்த்து இன்னொன்று வரையச் சொன்னாராம். அசலில் குடை கிடையாது; போர்டு எழுதுகிறவர் தன் ஆசைக்கு வைத்தது.

"அசலக் கரையான் அரிச்சுருச்சு. இதுதான் நின்னுது. தாராளமா எடுத்துக்கம்மா" என்றார். சொன்னதோடு நிற்காமல், மேஸ்திரியை விட்டுக் கழற்றச் சொல்லி, தன் காரிலேயே கொண்டுவந்து பஜாருக்குப் பின்னால் இருந்த என் வாடகை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தது அன்றுதான். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, காரை விட்டு இறங்கவில்லை.

வியாழக்கிழமை டிவிக்காரர் வந்தார். பையில் கயிறும் இரண்டு திருப்புளியும் இருந்தன. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் காலிச் சுவரைப் பார்த்தார். "நல்லதாப் போச்சுங்க" என்றார். டீ கொண்டுவரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். திருடுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் வருவதற்கும் ஒரு காரணம் இல்லை என்று அவர் நினைத்திருக்கவேண்டும். எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் வெட்கத்தை விட்டு ஒரு காரியம் செய்தேன். டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கிவிட்டு அவருக்குப் போன் செய்து, டிவி தெரியவில்லை என்றேன். அவர், பின்னால் வயர் கழன்றிருக்கும், சொருகிப் பாருங்கள் என்றார். சொருகினேன். தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, வயதான ஓர் அம்மா ஷேர் ஜீப்பிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். கையில் ஒரு பை நிறையச் சௌசௌக்காய். விருந்தினர் சோபாவில் நடுவாக உட்கார்ந்தார். அறை வேண்டுமா என்று கேட்டேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதான அந்தத் திருட்டுப் படம் பாக்கறவங்க?"

ஆமாம் என்றேன். அவருடைய அக்கா என்று தெரிந்துவிட்டது.

"எந் தம்பி ஊட்டுல நாப்பது வருசமா வாயத் தொறந்து பேசினவனில்லீங்க. நாலு மாசமா நொம்பப் பேசினான். திருட்டுக் கதையா வரும். அந்தப் பொம்பள எப்படிக் கண்டுபிடிச்சா, என்ன சொன்னா, எப்படிச் சிரிச்சா. கொஞ்ச நாளா மறுபடி வாய மூடிட்டான். கதை முடிஞ்சு போச்சுங்களா, இல்ல இன்னும் இருக்குதுங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவர் சொன்ன பெண் படத்தில் வருகிறவளா, நானா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அது தெரியாது என்றே நினைக்கிறேன். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே, "முடியலீங்க" என்றேன்.

"அப்பச் சரி" என்று எழுந்தார். சௌசௌப் பையை என் மேஜைமேல் வைத்துவிட்டு, கூட்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்பைப் பிடிக்கப் போய்விட்டார். அன்று சாயந்திரம் தம்பி வந்தார். கையில் பையில்லை, திருப்புளியில்லை. வயரை நான்தான் பிடுங்கினேன் என்று சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் வரவில்லை என்றேன். "வந்தா என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றார். ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்தோம்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பதை மகளிடம் சொல்லத்தான் பயந்தேன். போனில் சொன்னதும் அவள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தாள். உனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், இதெல்லாம் வேண்டாம் என்று நினைக்கிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவள் அவசரப்படாமல் இட்லியைச் சாப்பிட்டு முடித்தாள்.

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும்மா. என் பேரச் சொல்லி வேண்டாம்னு சொல்லாத."

நான் அவளைக் கண்ணு, சாமி என்று கூப்பிட்டுத்தான் வளர்த்தேன். அன்றைக்கு எதைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் அவள் தட்டை வாங்கிக் கழுவி வைத்தேன்.

கோயிலில் இருபது பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். பஜாரில் ஓரிருவர் கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார்கள். பிறகு அவர்களே பேசினார்கள். முதலாளி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் மஞ்சக்குட்டைக்குக் குடிவந்தேன். ஓவியம் முன்னறைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது. அவருடைய அக்காவை இப்போது அண்ணி என்று கூப்பிடுகிறேன்; அண்ணி அதன் பக்கத்தில் ஆணி அடித்துத் தினசரிக் காலண்டரை மாட்டினார். தினமும் காலையில் ஜீப்பில் ஏற்காட்டுக்கு வேலைக்குப் போய்வந்தேன், இப்போதும் போய்வருகிறேன்.

எட்டு வருடமாகிறது. சில நாள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது நினைப்பேன். கேட்டதும் கொடுத்த ஒரு மனிதர், சௌசௌப் பையோடு கேள்வி கேட்க வந்த ஓர் அம்மா, இட்லியைத் தின்று முடித்து ஒரே வரியில் என்னை விடுவித்த ஒரு பெண். இவர்களில் ஒருவர் சும்மா இருந்திருந்தாலும் நான் பிளாட்பாரத்திலேயே நின்றிருப்பேன். எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

போன மாதம் அதே கதையை மறுபடி எடுத்துச் சேலத்தில் போட்டிருக்கிறார்கள் என்று மகள் போன் செய்தாள். அவளுக்கும் கல்யாணமாகிச் சேலத்திலேயே இருக்கிறாள். நானும் அவரும் அண்ணியும் போனோம். பெரிய மாலில் நாலாவது மாடியில் தியேட்டர். நகரும் படிக்கட்டில் ஏற அண்ணி மறுத்துவிட்டார். அவருக்காக நாங்களும் நாலு மாடி நடந்து ஏறினோம். புதுப் படத்தில் ஓவியத்தைக் கம்ப்யூட்டரை வைத்துத் திருடுகிறார்கள். அவளும் சேர்ந்தே திருடுகிறாள். எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் எங்களுக்கு முன்வரிசையில் ஓர் இளம் ஜோடி இருந்தது. காவலாளி திரும்பும் இடத்தில் அந்தப் பெண் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவனின் முழங்கையைப் பிடித்தாள். பழைய படம் எதையும் அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு இதுதான் முதல் படம். திரும்பத் திரும்ப எடுக்கட்டும் என்று தோன்றியது.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, குளிர்க்காற்று முகத்தில் அடித்தது. இந்தக் கதையை இன்னும் எடுப்பார்களா என்று தம்பியைக் கேட்டார். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று அவர் சொன்னார்.

"அப்ப ஒடம்ப நல்லாப் பாத்துக்கோணும்" என்று சொல்லிவிட்டு, அண்ணி மப்ளரைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.